கோயில் சுவருக்குப் பணம் அனுப்பும் முன்னால்

அனுப்பியவர்: நடுவீட்டு இளையவள், சிங்கப்பூர்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராக் கடற்கரையில் நம் ஊர்க் கோயில் கமிட்டியின் கடிதம் எல்லார் கைக்கும் வந்திருக்கும். கோயிலைச் சுற்றிக் கல்சுவர், 60 ஜூத்தா (ஆறு கோடி) ரூப்பியா. பொங்கலுக்கு ஊரில்தான் இருந்தேன். பார்த்ததை எழுதிவிடுகிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

நான் இருந்தபோதே பாசாங் பெர்டானி, அந்தப் பெரிய கடலேற்றம், வந்தது. தண்ணீர் நாம் நினைக்கிற மாதிரி கடற்கரைப் பக்கமிருந்து ஏறவில்லை. கோயிலுக்குப் பின்னால் கைவிட்டுக் கிடக்கும் இறால் குளங்கள் வழியாகத்தான் வந்தது. கொடிமரத்தடியில் கணுக்கால் அளவு நின்று, வடிய மத்தியானம் ஆகிவிட்டது. கிணறு முழுக்க உப்பு. பூசாரி அண்ணன் அபிஷேகத்துக்கே காலோன் (கேன்) தண்ணீர் வாங்குகிறார். பஞ்சார் இனத்தாரின் வயலில் கடைசி வரிசை இந்தத் தடவை நடவே இல்லை. தென்னைகளில் பாதிக்குத் தலை இல்லை.

நம் வீடுகளில் ஆள் புழங்குவது நாலில்தான். பையன்கள் பாத்தாம் தீவுத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள், மிச்சம் பேர் மேடானில் கோஜெக் வாடகை பைக் ஓட்டுகிறார்கள்.

கோயிலை ஒட்டிய வீட்டில் கெப்பாச் சிப்பி பொறுக்குவாரே அந்த மக்சிக் அத்தை, என்னை நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டார்: "கோயிலைச் சுற்றி நீங்கள் சுவர் எழுப்பினால் அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும்?" எனக்குப் பதில் வரவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: கடைவீட்டு மாமா, பினாங்கு

பாப்பா எழுதியதைப் படித்தேன். நான் கேட்பது மூன்று விஷயம்.

கோயில் கூரைக்கு வசூலித்த பணத்தின் கணக்கு எங்கே? ரசீது புத்தகம் இரண்டு அச்சடித்தோம், ஒன்றுதான் திரும்பி வந்தது. அதைக் கேட்டதற்குத்தான் போன கூட்டத்தில் எனக்கு மரியாதைக் குறைவு நடந்தது. மறக்கவில்லை.

இரண்டாவது, 60 ஜூத்தா என்று யார் அளந்தது? கல் எத்தனை லாரி, கூலி எத்தனை நாள், ஒரு வரி இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். 2014-இன் 6-ஆம் எண் கிராமச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் ஜக்கார்த்தாவிலிருந்து ஒவ்வொரு தேசாவுக்கும் (கிராமத்துக்கும்) டானா தேசா என்ற கிராம நிதி வருகிறது. அந்தந்த வருஷத்துச் செலவைப் பதாகையாகக் கிராம ஆபீஸ் வாசலில் கட்டி வைக்க வேண்டும். வாய்க்கால், சின்ன அணைக்கரை எல்லாம் அதில் செய்யலாம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பேசி முடிவெடுப்பது முஷாவரா தேசா என்ற ஊர்க்கூட்டத்தில். அந்தக் கூட்டத்துக்கு நம் ஆள் ஒருவராவது போனாரா? கெப்பாளா தேசாவின் (கிராமத் தலைவரின்) பதவிக்காலத்தை 2024-இல் ஆறு வருஷத்திலிருந்து எட்டாக்கிவிட்டார்கள். அவர் எங்கும் போகப் போவதில்லை. அவரிடம் கேட்காமல் நம் பையிலிருந்து எடுப்பது என்ன நியாயம்?

அனுப்பியவர்: கிணற்றடி வீட்டுப் பெரியம்மா, கிள்ளான்

கணக்கு கணக்கு என்று ஒரே பேச்சு. தம்பி, அந்தக் கோயிலை யாரும் பட்ஜெட் போட்டுக் கட்டவில்லை. மேடான் பக்கத்து டெலி தோட்டத்துப் புகையிலைக்காகப் பினாங்கு வழியாக வந்து, ரோடு போட்டு, மாட்டுவண்டி ஓட்டிய மனுஷர்கள் கட்டினது. என் மாமனார் ஆற்றுமணலைத் தன் வண்டியிலேயே ஏற்றி வந்தார். மேடான் மாரியம்மன் கோயில் 1884-இல் எழுந்தது. அந்த ஊருக்கு வசதி இருந்தது. நமக்கு முதுகுதான் இருந்தது. அப்படிக் கட்டின கோயிலுக்காக ஆபீஸ் வாசலில் போய் நின்று கை நீட்டுவதா? என் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது.

கூரைக் கணக்கைக் கேட்கிற கடைவீட்டுக்காரர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும். கோயிலுக்குப் பின்னால் பதினாலு ரந்தே நிலம், பாக்காவ் (அலையாத்தி) காடாகக் கிடந்த இடம், அதை இறால் தவுக்கேக்கு (முதலாளிக்கு) கைமாற்றிவிட்டது யார்? அப்போது ரசீது யாரும் கேட்கவில்லையே. அந்தக் காட்டுக்குள் ஓடின பாலுவில், அந்த உப்பு ஓடையில்தான், நாங்கள் நண்டு பிடித்தோம். தீமிதிக்கு முந்தின நாள் ஊரே பெலாச்சான் இறால் விழுது காயவைக்கிற வாசனை அடிக்கும், மலாய்க்காரப் பெண்கள் நம் வீட்டு மாட்டுப்பாலுக்குக் கெராகாவ் எனும் பொடி இறால் கொண்டுவந்து மாற்றிக்கொள்வார்கள். இப்போது அங்கே என்ன இருக்கிறது?

அனுப்பியவர்: வண்டிக்காரர் வீட்டுப் பேரன், மேடான்

பெரியம்மா, மாமா, இரண்டு பேரும் கோபிக்காமல் படிக்க வேண்டும்.

அந்தப் பதினாலு ரந்தேயை விற்றது கடைவீடுதான். ஆனால் 1997, 98-இல் யார்தான் விற்கவில்லை? கிரிஸ்மோன் பண நெருக்கடிக்கு முன்னால் ஒரு டாலர் 2,400 ரூப்பியா சுற்றி இருந்தது, 98 ஜூனில் 16,000-த்தைத் தாண்டியது. உடாங் விண்டு இறால் வெளிநாட்டுக்கு டாலரில் போகிற சரக்கு. அரிசி வாங்க முடியாமல் ஊரே தவித்த நேரத்தில் குளம் வைத்தவன் மட்டும் புது மோட்டார் சைக்கிள் வாங்கினான். என் அப்பாவும் ஐந்து ரந்தே குத்தகைக்கு விட்டார். அந்தக் காலத்திலேயே வெள்ளைப்புள்ளி நோய் பரவிக்கொண்டிருந்தது. ஒரு குளத்தில் விழுந்தால் சில நாளில் அத்தனையும் சாகும், அதே வாய்க்கால் தண்ணீர் அடுத்த குளத்துக்கும் போகும். தவுக்கேக்கள் வன்னாமெய் இறாலுக்கு மாறி வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நமக்கு மிஞ்சியது காடு இல்லாத மண்மேடும் அடைபட்ட பாலுவும்.

இளையவள் பார்த்த தண்ணீருக்குக் காரணம் அதுதான். முன்பு ஏற்றத் தண்ணீர் பாக்காவ் வேருக்குள் பரவி மெதுவாகத் திரும்பும், கொண்டுவந்த சேற்றை அங்கேயே விட்டுப் போகும். இப்போது குளக்கரைகளுக்கு நடுவே குறுகி, உடைந்த மதகு வழியே வேகமாக உள்ளே வருகிறது. வடியத்தான் வழி இல்லை. அதற்கு எதிரே கோயிலுக்கு மட்டும் கல்சுவர் வைத்தால், மக்சிக் கேட்டது சரி, தண்ணீர் அவர் அடுப்படிக்குத்தான் போகும். சுவருக்கு அடியிலும் ஊறி வரும். கிணற்று உப்பு ஒரு சொட்டு குறையாது.

கன்று நடலாமே என்பார்கள். 2020-இல் பாக்காவ் காட்டை மீட்கும் பொறுப்பையும் சேர்த்து BRGM என்ற அரசு அமைப்புக்குக் கொடுத்தபோது, ஒன்பது மாநிலங்களில் வடக்கு சுமத்ராவும் இருந்தது. கூலி கொடுத்து நட்டார்கள், நல்ல காரியம். ஆனால் நம் பக்கம் திறந்த சேற்றில் கடலைப் பார்த்து வரிசையாகக் குத்தி வைத்தவை அலையிலேயே போய்விட்டன. தெற்கு மூலையில் குளக்கரை தானாக உடைந்த இடத்தில் ஒருவரும் நடவில்லை. அங்கே அப்பி-அப்பி மரம் ஆள் உயரம் நிற்கிறது. தண்ணீர் போய்வர வழி இருந்தால் விதை தானே வந்து ஊன்றிக்கொள்ளும்.

அதனால் என் யோசனை இது. இந்தப் பணத்தில் பெக்கோ மண்தோண்டி இயந்திரம் வாடகைக்கு எடுத்துக் குளக்கரையை மூன்று இடத்தில் திறந்து, பழைய பாலுவைத் தூர்வாரலாம். மிச்சத்தில் கோயில் தரையையும் கிணற்றுக் கட்டையும் உயர்த்தலாம். முதலில் தவுக்கேயின் வாரிசுகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், அந்த இடம் காட்டு இலாகா எல்லைக்குள் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரியம்மா, முஷாவராவில் உட்காருவது கை நீட்டுவது ஆகாது. அது மலாய், ஜாவா, பஞ்சார், பாத்தாக் எல்லாரும் உட்காருகிற கூட்டம். நாம் உட்காராததால்தான் நம் தெருவுக்கு வாய்க்கால் வரவில்லை.

பையன்கள் ஏன் ஊரில் தங்குவதில்லை என்று கேட்கிறோம். கடலில் மீன் இல்லை. புக்காட் ஹரிமா இழுவலையை 1980-லேயே சுமத்ராவில் தடை செய்தார்கள், இன்றும் ராத்திரியில் கரைக்குப் பக்கத்திலேயே இழுக்கிறார்கள். சின்னப் படகுக்காரர் தவுக்கேயிடம் வாங்கின கடனுக்கு அவன் சொல்லும் விலைக்கே மீனைப் போடுகிறார். அதை நாம் பணம் அனுப்பி மாற்ற முடியாது. ஆனால் பாலு திறந்தால் நண்டும் கெராகாவும் முதலில் திரும்பும், கெப்பா பொறுக்கும் பெண்களுக்குக் கையில் காசு வரும். பெலாச்சான் பெர்பாவுங்கான் சந்தையில் என்றைக்கும் விலை போகும். ஊரில் ஒருவன் தங்க வேண்டுமானால் அவனுக்கு அந்த அளவாவது வேண்டும்.

அடுத்த முஷாவராவுக்கு நான் மேடானிலிருந்து போகிறேன். என்னோடு யாராவது பெரியவர் வந்தால் நல்லது.

அனுப்பியவர்: கடைவீட்டு மாமா, பினாங்கு

நிலத்தைப் பற்றி: விற்ற பணத்தில்தான் கிணற்றடி வீட்டு மூத்த பெண்ணின் கல்யாணம் நடந்தது. அக்காவுக்குத் தெரியும். இத்தனை வருஷம் நான் வாய் திறக்கவில்லை.

பேரன் சொல்வதில் ஒழுங்கு இருக்கிறது. சம்மதக் கடிதமும் பெக்கோ வாடகைக்கு இரண்டு இடத்து விலைப்பட்டியலும் வரட்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பூசாரியுடையதாக இருக்கக் கூடாது. கூட்டத்துக்கு நானே வருகிறேன், தேதியைச் சொல்லுங்கள். ரசீது புத்தகத்தையும் அன்றைக்கு யாராவது தேடி எடுத்து வையுங்கள்.