காசில் ஹோவர்ட் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள காசில் ஹோவர்ட் மாளிகைக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். இது அப்பாவின் ஆசை. அவர் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். அதுவரை ஒரு கட்டடமும் கட்டியிராத ஜான் வான்பரோ என்ற நாடக ஆசிரியர்தான் இதை வடிவமைத்தார் என்று படித்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சு! 1699இல் தொடங்கிய வேலை நூறு வருடத்துக்கு மேல் இழுத்திருக்கிறது. 1940 தீ விபத்தில் விழுந்த குவிமாடத்தை 1960களில் திரும்பக் கட்டினார்கள். ஹோவர்ட் குடும்பம் இன்றும் அங்கேதான் வசிக்கிறது.

என் கவலை வேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாளிகைக்குள் படி நிறைய ஏற வேண்டுமா, லிஃப்ட் உண்டா? அந்த வளாகத்தில் ஹாக்ஸ்மூர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கல்லறை மண்டபத்தை அப்பா பக்கத்தில் போய்ப் பார்க்கணும் என்கிறார். விடுவார்களா, தூரத்திலிருந்துதானா?

எங்களிடம் கார் இல்லை. யார்க்கிலிருந்து பஸ்ஸை நம்பலாமா, இல்லை மால்டன் வரை ரயிலில் போய் டாக்சி பிடிப்பது மேலா? திரும்பி வர டாக்சி கிடைக்குமா?

அப்புறம் சாப்பாடு. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாமா? சமீபத்தில் போனவர்கள் சொன்னால் நல்லது.