மாமனாரா, மருமகனா? டபிள்யூடபிள்யூஇ முதலாளிகளை நாங்கள் பார்த்த கதைகள்

தாமிரபரணிக்கரை:

நேற்று ராத்திரி சித்தி பையனோடு வாட்ஸப்பில் ஒரு மணி நேரம் சண்டை. டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி பழைய முதலாளி வின்ஸ் மக்மேன் இருந்தவரைக்கும்தான், அவருடைய மருமகனும் மல்யுத்த வீரருமான டிரிபிள் ஹெச் கைக்கு வந்ததும் ருசி போய்விட்டது என்கிறான். நான் எதிர்க்கட்சி. சண்டை முடியவில்லை, இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன். தீர்ப்பு வேண்டாம். இந்த நிறுவனத்தை நிஜத்தில் யார் நடத்துகிறார்கள் என்பது உங்களுக்கு எப்போது, எங்கே வைத்து உறைத்தது? அதைச் சொல்லுங்கள்.

என் கதை: பாளையங்கோட்டை, 1999, ஏழாம் வகுப்பு. எங்களுக்கு டபிள்யூடபிள்யூஎஃப் (அப்போது அதுதான் பெயர்) என்றால் முதலில் விளையாட்டுக் கார்டு, அப்புறம்தான் டிவி. ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்பதில் வகுப்பில் ஒருவனுக்கும் சந்தேகம் கிடையாது. என் கார்டுக் கட்டில் மக்மேனுக்குக் கார்டு இல்லை, அதனால் அவரை ஆளாகவே மதிக்கவில்லை. கோட்டு சூட்டோடு வந்து கத்துவார், ஸ்டோன் கோல்டு என்ற வீரர் வந்து ஸ்டன்னர் என்ற அடியைப் போடுவார், இவர் விழுந்து துடிப்பார். அவர் வேலை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

லீவுக்கு வந்த பெரியம்மா பையன், "அந்தாளுதாம்ல கம்பெனி ஓனரு, நெசமாவே" என்றான். நான் சிரித்துவிட்டேன். எந்த முதலாளி சொந்தக் கம்பெனி ஆளிடம், அதுவும் ஊரே பார்க்க, அடி வாங்குவான்? கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அடி வாங்குதத விடு. அவன் அடி வாங்குததப் பாக்க எத்தன பேரு துட்டு குடுக்கான்?"

அந்த ஆண்டு அக்டோபரில்தான் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது என்று பல வருடம் கழித்துப் படித்தேன். 1982 இல் மக்மேன் தன் அப்பாவிடமிருந்து வாங்கிய தொழில். 1985 இல் முதல் ரெசில்மேனியா (வருடாவருடம் நடக்கும் அவர்களுடைய பெரிய நிகழ்ச்சி), 2001 இல் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவையே விலைக்கு வாங்கியாயிற்று. எங்கள் அப்பா ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தவர் இல்லை.

பார்க் எக்ஸ் பெடியன்:

தம்பி, எனக்கு உறைத்தது உங்களுக்கு இரண்டு வருஷம் முந்தி. நான் இருக்கிறது மொன்றியாலில். 1997 நவம்பர் 9, மோல்சன் சென்டர் அரங்கம், சர்வைவர் சீரிஸ் என்ற நிகழ்ச்சி. கனடாவுக்கு வந்து அப்போது மூன்று வருஷம், உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. கூட வேலை செய்த பெடியன் ஒருவன் வர முடியாமல் போக அவனுடைய டிக்கெட் எனக்குக் கிடைத்தது. ஆக மேலே, கூரைக்குப் பக்கத்துக் கதிரை.

பிரெட் ஹார்ட் சாம்பியன், கனடாக்காரன். ஆனால் டபிள்யூசிடபிள்யூவுக்குப் போக ஒப்பந்தம் போட்டாயிற்று. யார் வெல்வது என்று முன்பே பேசி வைக்கிறதுதான் இந்த ஆட்டத்தின் வழக்கம். சொந்த நாட்டுச் சனத்துக்கு முன்னால் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்று அவர் நிற்க, வின்ஸும் சரி என்று ஒத்துக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அன்றைக்கு நான் கண்டது இவ்வளவுதான்: ஷான் பிரெட்டின் பிடியையே பிரெட்டுக்குப் போடுகிறார், பிரெட் விட்டுக்கொடுக்கவே இல்லை, மணி அடிக்கிறது. ஒரு நிமிஷம் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. வர்ணனை மேசையில் இருக்கிற மனிசன் என்று நாங்கள் நினைத்திருந்த வின்ஸ் ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கிறார், பிரெட் அவருடைய முகத்தில் துப்புகிறார். சனம் கையில் இருந்ததை எல்லாம் எறிந்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்த கியூபெக் கிழவர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார்: பாஸ். அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சதி முன்கூட்டியே தெரிந்திருந்த சிலரில் டிரிபிள் ஹெச்சும் ஒருவர். அதனால் மாமன் கூடாது, மருமகன் நல்லவர் என்று யாராவது எழுதினால் நான் சிரித்துப்போட்டுப் போய்விடுவேன்.

தாமிரபரணிக்கரை:

அண்ணா, அந்தத் துப்பலிலிருந்துதானே மிஸ்டர் மக்மேன் என்ற வில்லனே பிறந்தார். நிஜமான வெறுப்பையே எடுத்து விற்பதற்கு ஒரு மூளை வேண்டும். சித்தி பையன் பக்கம் ஒரு ஓட்டு விழுந்ததாக எழுதிக்கொள்கிறேன், வேறு வழியில்லை.

கரோல்பாக் மாணவன்:

என் சந்திப்பு மருமகனோடு. 2017 டிசம்பர் 9, டெல்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கரோல்பாக்கில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலம். மாதக் கடைசி, மெஸ் காசில் டிக்கெட்.

ஜிந்தர் மஹால் அந்த வருடம் மே முதல் நவம்பர் வரை சாம்பியன். ஆள் கனடாவின் கால்கரிக்காரர், பஞ்சாபி வம்சாவளி. இந்தியச் சந்தைக்காகவே அவர் தலையில் பட்டத்தைக் கட்டினார்கள் என்று எல்லோரும் பேசினார்கள். டெல்லிக்கு வரும் முன்பே பட்டம் போய்விட்டது. சரி, இங்கேயாவது ஜெயிப்பார் என்று பார்த்தால் எதிரே டிரிபிள் ஹெச். நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர், முதலாளியின் மாப்பிள்ளை. ஜெயித்தது யார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. அரங்கத்தில் பாதிக்கு மேல் டிரிபிள் ஹெச்சுக்குத்தான் கத்தினார்கள். நானும்தான். வாயில் தண்ணீரை வைத்து அவர் கொப்பளித்தபோது தொண்டை கிழியக் கத்திவிட்டு, மெட்ரோவில் திரும்பும்போது "நம்மாளைத் தோற்கடிச்சுட்டானே" என்று புலம்பினேன். பிரிலிம்ஸும் அந்த வருடம் போய்விட்டது, அது தனிக்கதை.

மேல்கயிறு:

அண்ணன்மார்களே, மாமனார் மருமகன் என்று குடும்பக் கதையாகவே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் வேறு பக்கமாக வருகிறேன்.

2015 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை, ரா என்ற அவர்களுடைய வாராந்தர நிகழ்ச்சியைப் பார்ப்பதற்காக ஹாஸ்டல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான்கு பெண்கள் இரண்டிரண்டு பேராக மோதிய டேக் ஆட்டம் ஏறக்குறைய முப்பது வினாடியில் முடிந்தது. டம்ளரில் டீ ஆறக்கூட இல்லை. அன்றைக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் ட்விட்டரில் ஆரம்பித்த கூச்சல் சில நாள் ஓயவில்லை. வின்ஸே வந்து, கேட்கிறது, தொடர்ந்து பாருங்கள் என்று பதில் போட்டார். நான்கு வருடத்தில், 2019 ரெசில்மேனியாவின் கடைசி ஆட்டமே பெண்களுடையது. அந்த நன்மதிப்பை அவருக்குக் கொடுக்க நான் தயாராகத்தான் இருந்தேன்.

அப்புறம் 2022 ஜூன். முன்னாள் பெண் ஊழியர் ஒருவரோடு வின்ஸ் செய்துகொண்ட ரகசியப் பண ஒப்பந்தத்தை இயக்குநர் குழு விசாரிக்கிறது என்று செய்தி. தலைமைப் பதவியிலிருந்து விலகி நிற்பதாக அறிவித்த அதே நாள், ஜூன் 17, ஸ்மாக்டவுன் என்ற இன்னொரு வாராந்தர நிகழ்ச்சியின் மேடைக்கு அந்த வழக்கமான நடையோடு வந்தார். கூட்டம் கைதட்டியது. எனக்குச் சுருக்கென்று குத்தியது அந்தக் கைதட்டல்தான். இத்தனை வருடம் பாத்திரத்தையும் ஆளையும் ஒன்றாகவே பார்த்துப் பழகி, எதற்குக் கைதட்டுகிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

ஜூலையில் ஓய்வு என்றார். 2023 ஜனவரியில் தன் ஓட்டுரிமைப் பங்கைக் காட்டித் திரும்பி வந்தார். அந்த வாரமே மகள் ஸ்டெஃபனி ராஜினாமா செய்தார். 2024 ஜனவரியில் அதே முன்னாள் ஊழியர் பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல் என்று வழக்குத் தொடுத்தார். வின்ஸ் மறுக்கிறார். ஆனால் மறுநாளே எல்லாப் பதவியையும் விட்டார். மறைத்த ஒப்பந்தங்கள் தொடர்பாக 2025 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தோடு சமரசமாகி, 4 லட்சம் டாலர் அபராதம் கட்டி, நிறுவனத்துக்கு 13 லட்சத்துக்கும் மேல் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டார்.

யார் காலத்தில் கதை நன்றாக இருந்தது என்பதைத் தாராளமாகப் பேசுங்கள். இதையும் அதே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

தாமிரபரணிக்கரை:

சரி தங்கச்சி. நிறுக்கவில்லை.

வேளச்சேரி அப்பர் பெர்த்:

ஹைதராபாத் போனவர்கள் யாரும் இல்லையா? 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, கச்சிபௌலி. ஜான் சீனா இந்தியாவில் முதல்முறை சண்டை போடுகிறார் என்றதும் ஆபீசில் மூன்று பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறினோம். விடிய விடிய கம்பார்ட்மெண்டில் கார்டு விளையாட்டு, முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள்! டிக்கெட் பரிசோதகர் நின்று பார்த்துவிட்டு, "அண்டர்டேக்கர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அரங்கத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒரு பெரியவர், ஐம்பத்தைந்து இருக்கும், பையனைக் கூட்டி வந்திருந்தார். பின்னால் டிரிபிள் ஹெச் டீஷர்ட் போட்ட கல்லூரிப் பையன். பெரியவருக்கு வின்ஸ்தான் எல்லாம். சந்து சந்தாக நடந்த தொழிலை உலகத் தொழில் ஆக்கியவர், ஒரு ஆளின் புத்தி என்பார். பையன் விடவில்லை. "அங்கிள், அதே புத்திதானே எக்ஸ்எஃப்எல்னு ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சு ஒரே சீசன்ல இழுத்து மூடுச்சு? ரோமன் ரெயின்ஸை யாருக்கும் பிடிக்காத காலத்துல வருஷக்கணக்கா நம்ம தொண்டையில திணிச்சது யாரு?" என்றான். பெரியவர், "இப்ப அதே ரோமனுக்குத்தானே நீ கத்துற?" என்றார். வரிசையே சிரித்தது.

அப்போது அந்தப் பெரியவருடைய மகன், பத்து வயது இருக்கும், "இப்ப யாருப்பா ஓனர்?" என்று கேட்டான். ஆளுக்கொரு பதில். எண்டெவர் என்ற பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்றார் ஒருவர், இன்னும் கைமாறவில்லை என்றார் இன்னொருவர். வின்ஸ் செயல் தலைவர், டிரிபிள் ஹெச் கதைக்குப் பொறுப்பு, நிக் கான் தலைமை அதிகாரி, யாரிடம் சாவி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாலே நாளில், செப்டம்பர் 12 ஆம் தேதி, யுஎஃப்சி என்ற சண்டைப் போட்டி நிறுவனத்தோடு சேர்த்து டிகேஓ என்ற புது நிறுவனமாகி நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறிவிட்டது. அதற்குத் தலைமை அதிகாரி ஆரி இமானுவேல். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கத்தி நான் இதுவரை கேட்டதில்லை.

உள்ளே? சீனாவும் சேத் ராலின்ஸும் ஒரு பக்கம், இம்பீரியம் என்ற கூட்டணியின் ஆட்கள் இருவர் மறுபக்கம். சீனாவின் பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் அழுதுகொண்டிருந்தார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜெர்சிக் காற்று:

நான் ஃபிலடெல்ஃபியாவில், 2024 ஏப்ரல் 7, ரெசில்மேனியா 40 இரண்டாம் இரவு. இந்தக் கேள்விக்கு நேரான பதில் அந்த ராத்திரிதான்.

பிப்ரவரியில் கோடி ரோட்ஸ் என்ற வீரரை ஒதுக்கிவிட்டு, சாம்பியன் ரோமனுக்கு எதிரே பழைய நட்சத்திரம் தி ராக்கை இறக்கப் பார்த்தார்கள். ராக் அதற்குச் சில நாள் முன்புதான் டிகேஓ இயக்குநர் குழுவில் உட்கார்ந்திருந்தார். ரசிகர்கள் விடவில்லை. ஒரு வாரத்துக்குள் லாஸ் வேகாஸ் மேடையில் கதையைக் கோடி பக்கமே திருப்பினார்கள். ராக்கே வில்லனாகி, நான்தான் முதலாளி என்று திரிந்தார். பழைய வின்ஸ் சமையல்தான், வேறு கை கிண்டியது.

அன்றிரவு ஸ்டெஃபனி வந்து, இது பால் லெவெக் காலத்தின் முதல் ரெசில்மேனியா என்றார். டிரிபிள் ஹெச்சின் நிஜப் பெயர் அது. அப்பாவின் பெயர் அவர் வாயில் வரவில்லை. குளிரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மேடையைப் பார்த்து ஆரவாரித்தோம். ரோமனின் 1,316 நாள் சாம்பியன் ஆட்சி அன்று முடிந்தது. நான் மருமகன் கட்சியில் உறுப்பினர் அட்டை வாங்கியது அன்றுதான்.

பார்க் எக்ஸ் பெடியன்:

அட்டையைப் பத்திரமாக வையும் தம்பி. வின்ஸ் குடும்பங்களை மனதில் வைத்து டிக்கெட் விலை போட்டார், இனி நாங்கள் உயர்த்துவோம் என்று டிகேஓவின் மார்க் ஷபிரோவே முதலீட்டாளரிடம் சொல்லியாயிற்று. 2027 ரெசில்மேனியா ரியாத்தில். உம்முடைய மருமகன் அதைத் தீர்மானித்தாரா, இல்லை மேடையில் நின்று அறிவிக்க மட்டும் செய்தாரா?

ஜெர்சிக் காற்று:

அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா.

தாமிரபரணிக்கரை:

இதையும் சொல்லிவிடுகிறேன், என்னைக் கடைசியாக உறைக்க வைத்தது இதுதான். 2025 டிசம்பர் 13, வாஷிங்டனில் சீனாவின் கடைசி ஆட்டம். இங்கே ஞாயிறு காலை. இருபது வருடமாக விட்டுக்கொடுக்காதே என்று சட்டையில் எழுதிக்கொண்டு திரிந்த ஆள், குந்தர் என்ற வீரரின் பிடியில் தோல்வியை ஒத்துக்கொண்டு தட்டிவிட்டார். அப்பாவுக்கு இப்போது எழுபத்தி மூன்று. கடையை மூடி நாளாகிவிட்டது. என் மகனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிரிபிள் ஹெச் வெளியே வந்ததும் அரங்கமே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

"இவருதான் ஓனரா தாத்தா?" என்றான் மகன்.

அப்பா என்னைப் பார்த்தார். "இல்லை, இவர் சம்பளத்துக்கு இருக்கிறவர். ஓனர் வேற" என்றேன்.

"அப்ப அவரு எங்க? அவர ஏன் காட்டல?"

"முன்னல்லாம் கல்லாவுல உக்காந்திருந்தவனே வந்து அடி வாங்குவான்" என்றார் அப்பா. "இப்ப ஆளு வச்சுட்டான்."

வேளச்சேரி அப்பர் பெர்த்:

தாத்தாவுக்கு ஒரு கார்டு அடிக்க வேண்டும் பாஸ். அப்புறம், பழைய கட்டு யாரிடமாவது முழுசாக இருந்தால் படம் போடுங்கள். என் கட்டில் இரண்டு கார்டு குறைகிறது, ரயிலில் அந்தப் பரிசோதகர் மேல்தான் சந்தேகம்.