அரிசி ஆலைக் கணக்கு: மைஎஸ்க்யூஎல் 5.7-இலிருந்து 8.4-க்கு மாறுவது எப்படி?

கேள்வி (மன்னார்குடி):
வணக்கம். எங்கள் அரிசி ஆலையின் நெல் வரவுக் கணக்கு இன்னும் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் 5.7 பதிப்பில்தான் ஓடுகிறது. சம்பா அறுவடை தொடங்கி லாரிகள் வரிசைகட்டுவதற்கு முன், நீண்டகால ஆதரவுப் பதிப்பான 8.4-க்கு நேரடியாக மாறலாமா?

பதில் (தஞ்சாவூர்):
நேரடியாக மாற முடியாது, ஐயா. முதலில் 8.0, அதன் பிறகே 8.4. அந்த 8.0-இலேயே நின்றுவிடவும் வேண்டாம். அதற்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். 8.0-க்கு ஏறிய தரவை அப்படியே 5.7-க்கு இறக்க வழியில்லை என்பதால், முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பின்னரே தொடங்குங்கள். மைஎஸ்க்யூஎல் ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் உள்ள சோதனைக் கருவி பெரும்பாலான சிக்கல்களை முன்கூட்டியே காட்டிவிடும். சர்வரின் அமைப்புகள் உள்ள கன்ஃபிக் கோப்பில் க்வெரி கேஷ் (வினவல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் பழைய வசதி) வரிகள் இருந்தால் நீக்கிவிடுங்கள்; அவை இருந்தால் 8.0 சர்வர் எழவே எழாது.

பதில் (கும்பகோணம்):
நான் பட்டதைச் சொல்கிறேன். 5.7-இல் குரூப் பை (வரிகளைத் தொகுக்கும் கட்டளை) போட்டாலே பட்டியல் வரிசையாக வந்துவிடும்; 8.0-இல் அந்தப் பழக்கம் நீக்கப்பட்டதால், வரிசைப்படுத்தும் ஆர்டர் பை கட்டளை எழுதாத எங்கள் ஊர்வாரி அறிக்கை கலைந்து வந்தது, கணக்குப்பிள்ளை நெல்லே குறைந்துவிட்டதாகப் பதறினார். 'ரேங்க்', 'குரூப்ஸ்' ஆகியவை இப்போது மைஎஸ்க்யூஎல் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள் என்பதால் அப்பெயருள்ள அட்டவணைகளையும் நெடுவரிசைகளையும் பாருங்கள். 8.4-இல் நேட்டிவ் பாஸ்வேர்டு என்னும் பழைய கடவுச்சொல் சரிபார்ப்பு முறை இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதால், பழைய பில்லிங் மென்பொருள் இணையாமல் போகலாம். மழை நாளில் செய்வதானால் யூபிஎஸ் பேட்டரியையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடி:
நன்றி. எங்கள் அட்டவணை ஒன்றின் பெயரே 'குரூப்ஸ்'தான்; இன்றே மாற்றுகிறேன்.