அம்மாவுக்கு 1,500 கலோரி உணவு: அரிசியை மாற்றியும் சர்க்கரை குறையவில்லை

வைகைக்கரை:
வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு உள்ள என் அம்மாவுக்கு வயது 61. நாளொன்றுக்கு 1,500 கலோரிக்குள் உண்ணும்படி மருத்துவர் சொன்னதால், காலையில் இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் அரிசிக்குப் பதில் வரகுச் சோறு, இரவு மூன்று சப்பாத்தி என்று மாற்றினோம். மூன்று மாதமாகியும் எடை குறையவில்லை. காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 240 காட்டுகிறது. எங்கே தவறுகிறோம்?

கீரைப்பாத்தி:
அம்மா, நான் உணவியல் படித்தவள். வரகிலும் அரிசியிலும் எடைக்கு எடை கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். நார்ச்சத்து கூடுதல் என்பதற்காக அளவைக் கூட்டினால் பயனில்லை. கேழ்வரகை மாவாக்கிக் கரைத்துக் காய்ச்சும்போது அதன் மாவுச்சத்து விரைவில் செரித்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக இரண்டு இட்லி, காய்கள் நிறைந்த ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை என்று கொடுத்துப் பாருங்கள். மதியத் தட்டில் பாதி கீரையும் பொரியலும், கால் பங்கு பருப்போ மீனோ, மீதிக் கால் பங்கு மட்டும் சோறு என்று வையுங்கள். காயை முதலில் உண்டு சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை ஏறும் வேகமும் தணியும். மாலையில் பிஸ்கட் வேண்டாம், ஒரு சிறு கிண்ணம் சுண்டல் போதும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

செக்கடித்தெரு:
எண்ணெயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் வருத்தம். நால்வர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது சுமார் 275 கலோரி சேர்கிறது. செக்கு எண்ணெயானாலும் இந்தக் கணக்கு மாறாது. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

மேலவாசல்:
ஒரு வேண்டுகோள். என் தந்தை, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்ந்துகொண்டு இரவு உணவைப் பாதியாக்கினார். நள்ளிரவில் வியர்த்து நடுங்கியபோது சர்க்கரை 58 இருந்தது. 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது மிக அவசியம்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. அம்மாவின் சீட்டிலும் அதே மாத்திரைதான் இருக்கிறது. திங்களன்று மருத்துவரைப் பார்த்த பிறகே சோற்றின் அளவைக் குறைப்போம். எண்ணெயை அளப்பதை மட்டும் இன்றே தொடங்குகிறோம்.