புதுப்பிப்பு: மகள் பாய்மரக் கப்பலிலிருந்து திரும்பி வந்துவிட்டாள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சிட்னியில் படிக்கும் என் 17 வயது மகளுக்கு 'யங் எண்டெவர்' கப்பலில் 11 நாள் பயணத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, பாய் கட்டவே தெரியாதவளை அனுப்பலாமா என்று. அனுப்பினோம். நலமாக வந்துவிட்டாள். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் இரண்டு நாள் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. அப்புறம் உடம்பு கடலுக்குப் பழகிவிட்டதாம்.

நான் பயந்தது பாய்மரம் ஏறுவதற்குத்தான். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டி, கொக்கி மாட்டித்தான் ஏற விடுகிறார்கள். ராத்திரி முறைக் காவலில், இருட்டில் சுக்கான் பிடித்ததைச் சொல்லும்போது அவள் குரலே வேறாக இருந்தது.

கப்பலை நடத்துவது ஆஸ்திரேலியக் கடற்படை. 1988-இல் பிரிட்டன் பரிசாகக் கொடுத்த கப்பல் இது. ஏறுகிறவர்கள் 16 முதல் 23 வயதுக்காரர்கள், முன்அனுபவம் தேவையில்லை.

பயணத்தின் கடைசிப் பகுதியில் ஒரு நாள், பிள்ளைகளே தங்களுக்குள் கேப்டனைத் தேர்ந்தெடுத்துக் கப்பலை ஓட்ட வேண்டும். மாலுமிகள் ஒதுங்கி நின்று, ஆபத்து என்றால் மட்டும் தலையிடுவார்கள். என் மகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு. வரைபடத்தில் கோடு போட்டு, காற்று திரும்பியதும் அழித்து மறுபடி போட்டாளாம். வீட்டில் நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிற பிள்ளை அவள்.

தயங்கிக்கொண்டிருக்கும் பெற்றோர் தாராளமாகக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.