முதியோருக்கு வேகப் பயிற்சி: எங்கே சறுக்குகிறது?

தொழில்வழி சிகிச்சையாளர்:
அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய ‘ஆக்டிவ்’ ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,800க்கும் அதிகமானோருக்கு நினைவாற்றல், தர்க்கம், கண் பார்ப்பதை மூளை புரிந்துகொள்ளும் வேகம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஐந்தாறு வாரத்தில் 10 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 10 ஆண்டு கழித்தும் தர்க்கத்திலும் வேகத்திலும் பலன் தங்கியிருந்தது. நினைவாற்றல் குழுவில் தங்கவில்லை.

வேகப் பயிற்சி இப்படித்தான்: திரையின் நடுவில் காரோ லாரியோ மின்னும், அதே கணம் ஓரத்தில் இன்னொரு கார். நடுவில் எது, ஓரத்தில் எங்கே, இரண்டையும் சொல்ல வேண்டும். நான்கில் மூன்று சரியாக வந்தால் படம் தெரியும் நேரத்தைக் குறையுங்கள். அம்மா நூற்றுக்கு நூறு வாங்குகிறார் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்தப் படியில் அவருக்கு இனி வேலையே இல்லை என்றுதான் அர்த்தம்.

கண் பரிசோதகர்:
மதிப்பெண் குறைந்தால் முதலில் கண்ணாடியைப் பாருங்கள். ‘பைஃபோகல்’ (மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி கிட்டத்துக்கு) கண்ணாடி போட்டவர் டேப்லெட்டைப் பார்க்கும்போது தாடையைத் தூக்கினால், கீழ்ப்பகுதி வழியாகத் தேடுகிறார். திரை மேசை தூரத்தில் இருந்தால் மேல்பகுதியும் உதவாது, கீழ்ப்பகுதியும் உதவாது. அந்தத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி வேண்டும். கண்புரை இருந்தால் ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். விரல் நுனி காய்ந்திருந்தால் தொடுதிரை பதியாது. அவர் அழுத்திப் பிடிப்பார், வேறு ஏதாவது திறந்துகொள்ளும். ஈரத்துணியில் விரலைத் துடைத்தால் போதும். இதையெல்லாம் பார்க்காமல் “அப்பாவுக்கு மூளை மந்தமாயிடுச்சு” என்பார்கள்.

முதியோர் நலச் செவிலியர்:
நேரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாடு. “தினமும் செய்யுங்கப்பா” என்றால் நடக்காது. காலைக் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேண்டாம். சளிக்கோ அரிப்புக்கோ தூக்கம் வரவழைக்கும் மாத்திரை போட்ட நாளின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். பக்கத்தில் பேரன் உட்கார்ந்து “அதோ பாட்டி, மேல!” என்றால் பயிற்சி பேரனுக்குத்தான்.

‘ஆக்டிவ்’ ஆய்வில் ஒரு பகுதியினருக்கு 11ஆம், 35ஆம் மாதங்களில் தலா 4 அமர்வு மறுபடி கொடுத்தார்கள். வீடுகளில் விட்டுப்போவது இதுதான். நாள்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

வேகம் கூடினால் சாவி தொலையாது என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வாசல் அருகே ஓர் ஆணி. சில வாரங்களிலேயே மறதி மளமளவென்று கூடினால் டேப்லெட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.