ஜான் மெக்லாக்லின்: உச்சம் மகாவிஷ்ணுவா, சக்தியா?

ஆறுகம்பி:
ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், 1942ல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்தவர். ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்காக 2024ல், இந்தியக் கலைஞர்களோடு அவர் வாசிக்கும் சக்தி குழு கிராமி வாங்கியபோது வயது 82. இத்தனை நீண்ட பயணத்தில் என் ஓட்டு அவருடைய ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான். 1969ல் நியூயார்க் போய் டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் கூட்டத்தில் பழகியதெல்லாம் 1971ல் அங்கேதான் வெடித்தது. அந்தக் குழுவின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ படைப்பின் தாளம் 18 எண்ணிக்கை, ‘டான்ஸ் ஆஃப் மாயா’ 10. சக்தியிலோ, எல். சங்கரின் வயலின் வழுக்கிப் போகும் இடத்தில் கிட்டார் படிப்படியாக ஏறுகிறது. கழுத்தில் குறுக்குக் கட்டைகள் பதித்த ஃப்ரெட் வாத்தியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வழுக்குவது, வராது.

தனிஆவர்த்தனம்:
வீணையிலும் மெட்டு, அதான் ஃப்ரெட், இருக்கே! கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தானே கமகம் பிடிக்கிறாங்க? வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டவர் அவர். சக்தி கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவா சீவியிருக்கும். விரல் கட்டையில் உரசாது, இழுப்பு சுலபம். ஆறு கம்பிக்குக் கீழே சாய்வா இன்னும் ஏழு கம்பி, சுருதிக்கு மீட்ட.

ஆறுகம்பி:
குழி சீவினால் வேறு வம்பு வரும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் கம்பி குழிக்குள் இறங்கி சுருதி ஏறிவிடும். கார்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில், பிடிக்கும்போது எல்லா விரலும் ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரமும் ஒவ்வோர் அளவு பிசகும். ஜாஸ் கிட்டாருக்குக் கார்ட்தான் உயிர். அதைக் கொடுத்துத்தான் கமகத்தை வாங்கினார்.

மின்கம்பி:
ஃப்ரெட்டில் கமகம் வராதென்றால், சக்தியின் பிற்கால வடிவமான ரிமெம்பர் சக்தியில் அவர் பக்கத்திலேயே மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது என்ன?

தனிஆவர்த்தனம்:
அதேதான். கார்ட் குறைஞ்சதை ஒத்துக்கறேன், ஆனா லயத்தைப் பாருங்க. கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷோட சேர்ந்து, தாளச் சொற்களை வாயால் சொல்ற கொன்னக்கோலைச் சொல்லித்தரும் காணொளியே போட்டவர். அந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கம்னு ஒரு சின்ன உதாரணம்: ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை, சதுஸ்ர நடையில் எண்ணிக்கைக்கு நாலு, ஆக 32 மாத்திரை. ‘தகிட தகதிமி’ ஏழு. அதை மூணு தடவை, இடையில் ரெண்டு ரெண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி. மொத்தம் 25. முதல் ஏழை விட்டு, ரெண்டாவது எண்ணிக்கையோட கடைசி மாத்திரையில் எடுத்தாத்தான் சமத்துக்கு, அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டுக்கு, வரும். கை தட்டுறப்போ மூணாவது எண்ணிக்கையில் எடுக்கத் தோணும்; எடுத்தா ஒரு மாத்திரை தள்ளி விழும். சக்தியில் விக்கு விநாயக்ராம் கடத்துக்கு எதிரே இந்தக் கணக்கில் நிக்கணுமே!

ஆறுகம்பி:
லயத்தில் மறுப்பில்லை. ஆனால் அந்த 18ம் 10ம் சக்திக்கு முன்பே வந்தவை. மகாவிஷ்ணுவில் பில்லி காபமின் டிரம்ஸோடு அதை ஒருமுறை கை தட்டிக் கேளுங்கள், பிறகு பேசுவோம்.